தானியங்கி இணையதளச் சோதனை: ஸ்கிரிப்ட் முந்துவதும் பக்கம் பிந்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளச் சோதனைகளைத் தானியங்கியாக ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஸ்கிரிப்ட் (சோதனையின் படிகளை வரிசையாகச் செய்யும் நிரல்) அடுத்த வேலைக்குப் போய்விட்டது, பக்கம் இன்னும் தயாராகவில்லை. இந்த இரண்டையும் கூட்டி நடத்துவதைத்தான் ஒத்திசைவு என்கிறோம். பல வருடங்களாக இதே வேலையில் இருந்து, விழுந்த சோதனைகளை நாள்கணக்கில் துருவிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பதிவு செய்தபோது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், திரும்ப ஓட்டும்போது ஏன் விழுகிறது?

பதிவு செய்யும்போது காத்திருந்தது நீங்கள். பொத்தானை அழுத்தினீர்கள், பட்டியல் வந்ததைக் கண் பார்த்தது, அதற்குப் பிறகுதான் கை மூன்றாவது வரிக்குப் போனது. ரெக்கார்டருக்கு (நீங்கள் செய்வதைப் பதிந்து ஸ்கிரிப்டாக்கும் கருவி) உங்கள் கிளிக் தெரியும், தட்டிய எழுத்து தெரியும். நடுவில் உங்கள் கண் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் அதற்குத் தெரியாது. ஸ்கிரிப்டில் பதிவாகாமல் போனது அந்தப் பார்வைதான். திரும்ப ஓட்டும்போது ஒரு கிளிக் முடிந்த சில மில்லிசெகண்டில் அடுத்த கிளிக் விழுகிறது. பட்டியல் இன்னும் சர்வரில் இருந்து கிளம்பியே இருக்காது.

ஒத்திசைவு வேலை என்பது, அன்றைக்கு உங்கள் கண் எதைப் பார்த்துவிட்டு ‘சரி, வந்துவிட்டது’ என்று முடிவு செய்ததோ, அதை ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக் கொடுப்பது.

கிளிக் கட்டளை முடிந்தது என்றால் அந்த வேலையே முடிந்தது என்றுதானே பொருள்?

இல்லை. பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் என்ற கருவி பயன்படுத்தும் வெப்டிரைவர் என்ற நெறிமுறை (2018இல் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் தரநிலையானது) ஒவ்வொரு கட்டளையையும் பிரவுசருக்கு ஒரு கோரிக்கையாக அனுப்பிப் பதில் வாங்குகிறது. ‘கிளிக் செய்தேன்’ என்ற பதிலுக்கு, மௌஸ் அழுத்தி எடுக்கப்பட்டது என்று மட்டுமே அர்த்தம். அந்த கிளிக்கால் வேறு பக்கத்துக்குத் தாவல் தொடங்கினால் அது முடியும்வரை காத்திருக்க முயலும். ஆனால் அதே பக்கத்தில் இருந்துகொண்டே ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் தகவல் கேட்கப் போனால், அது திரும்பி வந்ததா என்று வெப்டிரைவர் பார்ப்பதில்லை. இன்றைய தளங்களில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது.

ஸ்லீப் 5 (5 செகண்ட் சும்மா நில் என்ற கட்டளை) போட்டால் சரியாகிவிடுகிறதே, அதில் என்ன தப்பு?

இரண்டு பக்கமும் நஷ்டம். சர்வர் அரை செகண்டில் பதில் தந்தாலும் நாலரை செகண்ட் சும்மா நிற்கிறீர்கள். ஒருநாள் 6 செகண்ட் எடுத்துக்கொண்டால் சோதனை எப்படியும் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 சோதனைகள், ஒவ்வொன்றிலும் 6 இடத்தில் 3 செகண்ட் ஸ்லீப். மொத்தம் 3,600 செகண்ட், அதாவது எதையும் சோதிக்காமல் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தால் டெவலப்பர்கள் முடிவைப் பார்க்காமலே அடுத்த மாற்றத்தைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காதது அதுதான். மெதுவான சோதனையை யாரும் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று: ஸ்லீப் எதற்காகப் போடப்பட்டது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. எடுக்கவும் பயம், குறைக்கவும் பயம். யாராவது 5ஐ 8 ஆக்குவார்கள்.

அப்படியானால் ஸ்லீப்பை எங்குமே போடக்கூடாதா?

பிழையைத் தேடும்போது தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். ஸ்லீப் போட்டதும் சோதனை தேறினால் இது ஒத்திசைவுச் சிக்கல்தான் என்று உறுதியாகிறது. உறுதியானதும் எடுத்துவிட்டு, சரியான காத்திருப்பை எழுதுங்கள்.

இம்ப்ளிசிட் வெயிட், எக்ஸ்ப்ளிசிட் வெயிட் – எதைப் போடுவது? இரண்டையும் போடலாமா?

செலினியத்தில் இம்ப்ளிசிட் வெயிட் என்பது பொது உத்தரவு: ‘எந்த எலிமென்டைத் (பொத்தான், பெட்டி போன்ற பக்கத்தின் உறுப்பு) தேடினாலும், கிடைக்காவிட்டால் இத்தனை செகண்ட் வரை தேடிக்கொண்டிரு.’ சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 0. எக்ஸ்ப்ளிசிட் வெயிட் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நிபந்தனைக்காக நிற்பது. அதைச் செய்யும் வெப்டிரைவர்வெயிட் வழக்கமாக அரை செகண்டுக்கு ஒருமுறை அந்த நிபந்தனையைச் சோதித்துப் பார்க்கும். நிறைவேறிய உடனே நகர்ந்துவிடும்.

இரண்டையும் கலக்காதீர்கள். செலினியத்தின் ஆவணமே இதை எச்சரிக்கிறது: இம்ப்ளிசிட் 10 செகண்ட், எக்ஸ்ப்ளிசிட் 15 செகண்ட் என்று வைத்தால் டைம்-அவுட் (காத்திருப்பின் வரம்பு தாண்டிச் சோதனை நிற்பது) 20 செகண்டில் வரலாம். உள்ளே ஒவ்வொரு தேடலும் 10 செகண்ட் பிடித்துக்கொள்ள, வெளியே இருப்பது தன் 15ஐ எண்ணிக்கொண்டிருக்கும்.

இம்ப்ளிசிட்டை மட்டும் நம்புவதிலும் குறை உண்டு. எலிமென்ட் பக்கத்தில் இருக்கிறதா என்பதோடு அது நின்றுவிடுகிறது. தெரிகிறதா, அழுத்த முடியுமா, சரியான எழுத்து வந்துவிட்டதா என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. ‘இந்தப் பிழைச் செய்தி இல்லை’ என்று உறுதிசெய்யும் ஒவ்வொரு இடத்திலும் முழு 10 செகண்டையும் தின்றுவிடும். நான் இம்ப்ளிசிட்டை 0 ஆகவே விட்டுவிட்டு, தேவையான இடத்தில் எக்ஸ்ப்ளிசிட் எழுதுகிறேன்.

பக்கம் முழுதாக லோட் ஆனபிறகு தொடங்கினால் போதாதா?

பழைய தளங்களுக்குப் போதும். பிரவுசர் ஒரு ஆவணத்தை ‘லோடிங்’, ‘இன்டராக்டிவ்’, ‘கம்ப்ளீட்’ என்று மூன்று நிலையில் சொல்கிறது. செலினியத்தின் வழக்கமான முறை ‘நார்மல்’, அதாவது கம்ப்ளீட் வரும்வரை நிற்பது. ‘ஈகர்’ என்றால் இன்டராக்டிவ் போதும். ‘நன்’ என்றால் நிற்கவே நிற்காது. ஆனால் ஒரே பக்கத்துக்குள் எல்லாம் நடக்கும் தளங்களில் கம்ப்ளீட் என்பது வெறும் கூடு வந்து சேர்ந்ததற்கு அடையாளம். உள்ளே வரவேண்டிய தகவல் அதற்குப் பிறகுதான் கேட்கப்படுகிறது.

நெட்வொர்க் அமைதியாகும்வரை நிற்கலாமே என்பார்கள். செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டில் ‘நெட்வொர்க்ஐடில்’ என்றால் குறைந்தது 500 மில்லிசெகண்ட் எந்த இணைப்பும் ஓடாமல் இருப்பது. சோதனைகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிளேரைட் ஆவணமே சொல்கிறது. அடிக்கடி சர்வரை விசாரித்துக்கொண்டே இருக்கும் பக்கத்தில் அமைதி வரவே வராது. மறுபக்கம், ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால், வேலை முடியாமலே அமைதி வந்துவிடும்.

பிறகு எதற்காகத்தான் காத்திருப்பது?

அடுத்த படி எதை நம்பி இருக்கிறதோ அதற்காக. அடுத்தது கிளிக் என்றால், அந்தப் பொத்தான் தெரிந்து, செயலில் இருக்க வேண்டும். அடுத்தது ஒரு தொகையைச் சரிபார்ப்பது என்றால், அந்தத் தொகை எதிர்பார்த்த எண்ணாக மாறும்வரை நிற்க வேண்டும். தொகைப் பெட்டி தோன்றியதும் படித்துவிடக் கூடாது, பெட்டி முதலில் 0 காட்டிவிட்டுப் பிறகுதான் நிரம்பும். பட்டியல் என்றால் எத்தனை வரி என்ற எண்ணிக்கை, படிவம் என்றால் ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தி, பக்க மாற்றம் என்றால் புதிய முகவரியோடு புதிய தலைப்பும்.

‘பக்கத்தில் இருக்கிறது’ என்பதும் ‘கண்ணுக்குத் தெரிகிறது’ என்பதும் வேறு வேறு. மறைத்து வைக்கப்பட்ட மெனுவும் பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. செலினியத்தின் ‘கிளிக்கபிள்’ நிபந்தனைகூட தெரிகிறதா, முடக்கப்படவில்லையா என்ற இரண்டை மட்டும்தான் பார்க்கும். மேலே வேறொன்று மூடிக்கொண்டிருந்தால் அதற்குத் தெரியாது.

லோடர் (தகவல் வரும்வரை சுழலும் அடையாளம்) மறையும்வரை காத்திருக்கிறேன். அப்படியும் சில நேரம் பழைய தகவலைப் படித்துவிடுகிறதே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நானே இதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். ஒரு அட்டவணையில் தேடல் பெட்டி. ஸ்கிரிப்ட் ஒரு சொல்லைத் தட்டுகிறது, லோடர் மறையும்வரை நிற்கிறது, வரிகளை எண்ணுகிறது. 3 வர வேண்டும். சில ஓட்டங்களில் 25 வந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எப்போதும் 3.

கடைசியில் ஒவ்வொரு படியின் நேரத்தையும் எழுதிவைத்துப் பார்த்தேன். 0 என்பது கடைசி எழுத்து விழுந்த கணம். அந்தப் பெட்டி, எழுத்து நின்று 300 மில்லிசெகண்ட் ஆனபிறகே சர்வரிடம் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஸ்கிரிப்ட் 20ஆவது மில்லிசெகண்டிலேயே கேட்டுவிட்டது: ‘லோடர் மறைந்திருக்கிறதா?’ மறைந்துதான் இருந்தது, இன்னும் தோன்றவே இல்லையே! 35இல் வரிகளை எண்ணியது, பழைய 25. லோடர் தோன்றியது 300இல். சரியான 3 வரிகள் வந்தது ஏறக்குறைய 900இல். அதற்குள் சோதனை விழுந்து முடிந்துவிட்டது. சில ஓட்டங்களில் தேறியதற்குக் காரணம், இயந்திரம் வேறு வேலையில் திணறி ஸ்கிரிப்டே தாமதமாகக் கேட்டதுதான்.

‘இல்லாமல் போகும்வரை காத்திரு’ என்ற நிபந்தனை, ‘இன்னும் வரவில்லை’ என்பதையும் ‘வந்து போய்விட்டது’ என்பதையும் ஒன்றாகவே பார்க்கும். லோடர் முதலில் தோன்றட்டும், பிறகு மறையட்டும் என்று இரண்டு படியாக எழுதலாம். ஆனால் சர்வர் வேகமாகப் பதில் தந்து லோடர் 50 மில்லிசெகண்டில் வந்து போனால், அரை செகண்டுக்கு ஒருமுறை பார்க்கும் ஸ்கிரிப்ட் அதைத் தவறவிட்டு டைம்-அவுட் ஆகும். அதனால் முடிவுநிலைக்கே காத்திருங்கள். ‘3 பதிவுகள்’ என்ற மொத்தம் வரும்வரை, அல்லது எல்லா வரிகளிலும் தேடிய சொல் வந்து சேரும்வரை. நான் அதைத்தான் செய்தேன், அந்தச் சோதனை பிறகு தொந்தரவு செய்யவில்லை.

சீக்கிரம் பார்த்தால் சோதனை விழும், அவ்வளவுதானே? தப்பாகத் தேறாதே?

தேறும். அதுதான் மோசம். படிவத்தை அனுப்பிய அடுத்த கணமே ‘பிழைச் செய்தி எதுவும் இல்லை’ என்று சரிபார்க்கும் சோதனையைப் பாருங்கள். பிழைச் செய்தி வர அரை செகண்ட் ஆகும். சோதனை அதற்கு முன்பே பார்த்து, பச்சை காட்டிவிட்டுப் போய்விடும். தளம் உடைந்து கிடந்தாலும் பச்சைதான். விழும் சோதனையை யாராவது திறந்து பார்ப்பார்கள், தப்பாகத் தேறுவதை யாரும் திறப்பதில்லை.

அதனால் ஏதோ ஒன்று ‘இல்லை’ என்று உறுதிசெய்யும் முன், வேறு ஏதாவது ஒன்று ‘வந்துவிட்டது’ என்பதை உறுதிசெய்யுங்கள். முதலில் ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ வரட்டும். அதற்குப் பிறகு பிழைச் செய்தி இல்லை என்று பாருங்கள்.

பொத்தான் தெரிகிறது, கிளிக்கும் ஆகிறது, ஆனால் ஒன்றும் நடப்பதில்லை. ஏன்?

சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் தளமாக இருக்கும். பொத்தான் கண்ணுக்கு முழுதாகத் தெரியும், ஆனால் அதற்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் வந்து ஒட்டியிருக்காது. அப்படி வந்து ஒட்டுவதை ஹைட்ரேஷன் என்பார்கள். அந்த இடைவெளியில் விழும் கிளிக் காற்றில் போய்விடும். பெட்டியில் தட்டிய எழுத்தும் சில நேரம் அழிந்துவிடும்.

இதை ஸ்கிரிப்ட் பக்கம் மட்டும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மெதுவான போனில் ஒரு மனிதர் அழுத்தினாலும் இதேதான் நடக்கும். தயாராகும்வரை பொத்தானை முடக்கி வைக்கும்படி டெவலப்பரிடம் கேளுங்கள். செயலுக்கு வரும்வரை ஸ்கிரிப்ட் நிற்கும், மனிதரும் ஏமாற மாட்டார்.

‘ஸ்டேல் எலிமென்ட்’ என்று பிழை வருகிறதே?

நீங்கள் கையில் பிடித்து வைத்திருந்த எலிமென்டைப் பக்கம் தூக்கிப்போட்டுவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்துவிட்டது. பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. எலிமென்டை மாறியில் சேமித்து வைத்துக்கொண்டு பத்து வரி தள்ளிப் பயன்படுத்தாதீர்கள். தேவைப்படும் கணத்தில் தேடுங்கள். பிளேரைட்டில் எலிமென்டைக் குறிக்கும் லோக்கேட்டர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிக்கொள்வதால் இந்தத் தொல்லை அங்கே அபூர்வம்.

பிளேரைட், அதைப் போன்ற சைப்ரஸ் ஆகிய கருவிகள் தானாகவே காத்திருக்குமாமே. அங்கே இந்தத் தலைவலியே இல்லையா?

பெருமளவு குறையும். பிளேரைட் கிளிக் செய்யும் முன் எலிமென்ட் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, செயலில் இருக்கிறதா, கிளிக்கை அதுவே வாங்குமா அல்லது மேலே வேறொன்று மூடியிருக்கிறதா என்று பார்க்கும். அசையாமல் என்பதற்கு அதன் அளவுகோல், அடுத்தடுத்த இரண்டு அனிமேஷன் ஃபிரேம்களில் இடமும் அளவும் மாறாதிருப்பது. நழுவி வரும் மெனுவில் கிளிக் தவறி விழுவது இதனால் நின்றுபோகிறது. சரிபார்ப்புகளும் வழக்கமாக 5 செகண்ட் வரை மறுபடி மறுபடி முயலும். சைப்ரஸில் கட்டளைகளுக்கு அது 4 செகண்ட்.

ஆனால் அந்தக் கருவிகளுக்கு உங்கள் தளத்தின் பொருள் தெரியாது. மேலே சொன்ன 25 வரிகளும் தெரிந்தன, அசையாமல் நின்றன. எந்தக் கருவியும் அதைத் தயார் என்றுதான் சொல்லியிருக்கும். பிளேரைட்டில் இன்னொரு இடத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள்: ‘இஸ்விசிபிள்’ என்று கேட்டால் அது காத்திருக்காது, அந்தக் கணத்து நிலையை உடனே சொல்லிவிடும். காத்திருக்க வேண்டுமென்றால் ‘எக்ஸ்பெக்ட்’ வழியாக ‘டுபிவிசிபிள்’ எழுத வேண்டும்.

சர்வரின் பதிலுக்காகவே காத்திருக்க முடியுமா?

முடியும். பிளேரைட்டில் ‘வெயிட்ஃபார்ரெஸ்பான்ஸ்’, சைப்ரஸில் ‘இன்டர்செப்ட்’ செய்து பெயர் வைத்து அந்தப் பெயருக்காக நிற்பது. வரிசை முக்கியம்: காத்திருப்பை முதலில் தொடங்கிவிட்டு, பிறகு கிளிக் செய்யுங்கள். கிளிக் முடிந்து காத்திருக்கத் தொடங்கினால், வேகமான சர்வர் அதற்குள் பதில் தந்துவிடும், நீங்கள் வராத ரயிலுக்கு நிற்பீர்கள். பதில் வந்தாலும் அது திரையில் ஏற இன்னும் சில மில்லிசெகண்ட் ஆகும் என்பதால் அதற்கப்புறம் திரையையும் சரிபாருங்கள்.

செலினியம் ஐடிஇயில் (செலினியத்தின் பதிவுக் கருவி) பதிவு செய்கிறேன், நிரல் எழுதத் தெரியாது. என்ன செய்வது?

பதிவு முடிந்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நீங்கள் கண்ணால் காத்திருந்த ஒவ்வொரு இடத்திலும் ‘வெயிட் ஃபார் எலிமென்ட் விசிபிள்’ என்ற வரியைச் சேருங்கள். பழைய பதிப்புகளில் பதிந்த ஸ்கிரிப்டில் ‘கிளிக்அண்ட்வெயிட்’ இருந்தால் கவனம். அது புதிய பக்கம் லோட் ஆகும் என்று நம்பி நிற்கும். அதே பக்கத்திலேயே வேலை நடக்கும் பொத்தானுக்கு அதைப் போட்டால் வராத பக்கத்துக்காக நின்று டைம்-அவுட் ஆகும். அங்கே வெறும் ‘கிளிக்’ போட்டு, கீழே காத்திருப்பு வரியைச் சேருங்கள்.

டைம்-அவுட் எவ்வளவு வைக்கலாம்?

தாராளமாக வைக்கலாம். நிபந்தனை நிறைவேறிய உடனே நகர்ந்துவிடும் என்பதால் தேறும் சோதனைக்கு 30 செகண்ட் டைம்-அவுட்டால் எந்தச் செலவும் இல்லை, விழும் சோதனை மட்டுமே அந்த நேரத்தை எடுக்கும். வெப்டிரைவரில் பக்கம் லோட் ஆவதற்கான வழக்கமான வரம்பு 300 செகண்ட். அது பெரும்பாலான தளங்களுக்கு மிக அதிகம், நான் 60ஆகக் குறைத்துவிடுவேன். ஒன்றை மறக்காதீர்கள்: இங்கே அளப்பது தளம் சரியாக வேலை செய்கிறதா என்பதை. வேகத்தை அளக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சோதனை எழுதுங்கள்.

என் கணினியில் தேறுகிறது, பில்ட் சர்வரில் (சோதனைகளைத் தானாக ஓட்டும் பொது இயந்திரம்) விழுகிறது. எப்படிப் பிடிப்பது?

அந்த இயந்திரத்தில் பிராசசர் குறைவு, ஒரே நேரத்தில் நாலு பிரவுசர் ஓடும். குரோமின் டெவலப்பர் கருவிகளில் பிராசசர் வேகத்தைக் குறைத்து, நெட்வொர்க்கையும் மெதுவாக்கி உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி, சந்தேகப்படும் ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் இடைமறித்து 3 செகண்ட் தாமதப்படுத்துவது. எந்தக் காத்திருப்பு விடுபட்டிருக்கிறது என்று அது விரல் வைத்துக் காட்டிவிடும்.

தனியாகத் தேறி, எல்லாவற்றோடும் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுந்தால் அது காத்திருப்புச் சிக்கலாக இருக்காமல் போகலாம். இரண்டு சோதனைகள் ஒரே பயனர் கணக்கில் கைவைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

விழுந்தால் மறுபடி ஓட்டு என்று வைத்துவிட்டால் போதாதா?

வைக்கலாம், ஆனால் இரண்டாவது முறை தேறியதைப் பச்சையோடு சேர்க்காதீர்கள். பிளேரைட் அவற்றை ‘ஃப்ளேக்கி’ என்று தனியாகக் காட்டும். அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை திறந்து ஒன்றையாவது தீர்க்க வேண்டும். நிஜமான பயனருக்கும் எப்போதாவது நடக்கும் பிழை அதில் ஒளிந்திருக்கலாம்.

பின்னணியில் ஓடும் வேலைகளுக்கு? அறிக்கை தயாராக இரண்டு நிமிடம் ஆகிறது.

திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டாம். வேலையின் நிலையைச் சொல்லும் ஏபிஐ (திரை இல்லாமல் நிரலே சர்வரைக் கேட்கும் வழி) இருந்தால் அதை 5 செகண்டுக்கு ஒருமுறை கேட்டு, ‘முடிந்தது’ என்றதும் திரைக்கு வாருங்கள். ‘தோல்வி’ என்று வந்தால் மிச்ச நேரமும் நிற்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய ஸ்கிரிப்டுகளில் நூற்றுக்கணக்கான ஸ்லீப் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். பல சோதனைகள் பகிர்ந்துகொள்ளும் படிகளில் தொடங்குங்கள். பெரும்பாலும் அது உள்நுழைவுதான். அங்கே ஒரு ஸ்லீப்பை எடுத்தால் 200 சோதனைக்கும் சேர்த்து எடுத்த மாதிரி. ஸ்லீப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள், எந்த வரியில் விழுகிறது என்று பாருங்கள். அந்த வரிக்கு எது தேவைப்பட்டது என்று கண்டுபிடித்து, அதற்கான காத்திருப்பை எழுதுங்கள். பிறகு அதையே 20 முறை தொடர்ந்து ஓட்டுங்கள். இருபதிலும் தேறினால் அடுத்த ஸ்லீப்புக்குப் போங்கள். எடுத்ததும் விழாத ஸ்லீப்புகளும் நிறைய இருக்கும், அவற்றையும் அதே 20 ஓட்டம் பார்த்துவிட்டுத்தான் விடுங்கள்.